ஆறாத டோஸ்ட்

தாராவியில் மழை மேலேயிருந்து மட்டும் பெய்வதில்லை, சுவரிலிருந்தும் பெய்யும், தரையிலிருந்தும் பெய்யும், மடித்து வைத்த வேட்டிக்குள்ளிருந்தும் பெய்யும். அப்படி ஒரு மழைக்காலத்தின் தொடக்கத்தில்தான் பம்புச் சந்தில் பேச்சியம்மாள் சுட்டெடுத்த டோஸ்ட் ஒன்று ஆறாமல் நின்றுபோனது. ஏன் ஆறவில்லை என்று கேட்டால் அந்தச் சந்தில் யாரும் பதில் சொல்ல மாட்டார்கள், அது அவர்களுக்கு வேலையற்றவன் கேட்கிற கேள்வி. ஆறாத டோஸ்ட்டை வைத்துக்கொண்டு என்னென்ன செய்யலாம் என்று கேட்டுப் பாருங்கள், உங்களை உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்துப் பேசுவார்கள்.

பேச்சியம்மாளும் அவள் புருஷன் பலவேசமும் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, சந்தின் நடுவே, தண்ணீர்ப் பம்புக்கு எதிரே, மசாலா டோஸ்ட் வண்டி போட்டிருந்தார்கள். விடிந்ததும் அவள் உருளைக்கிழங்கை வேகவைத்து, சூடு பொறுக்காமல் ஊதி ஊதித் தோலுரித்து, கையாலேயே மசித்து, கடுகும் உளுந்தும் கறிவேப்பிலையும் தாளித்து, நசுக்கிய இஞ்சியும் பச்சைமிளகாயும் போட்டு, மஞ்சள் தூவி, உப்புப் போட்டுக் கிண்டி இறக்குவாள். அவன் பிரெட்டில் வெண்ணெய் தடவி, கொத்தமல்லிச் சட்னி தடவி, கிழங்கைப் பரப்பி, வெங்காயமும் தக்காளியும் பீட்ரூட்டும் வில்லை வில்லையாக அடுக்கி, மேலே இன்னொரு பிரெட்டை மூடி, நீளக் கைப்பிடி வைத்த இரண்டு அலுமினியத் தட்டுகளுக்கு நடுவே வைத்துக் கவ்வி, பிதுங்கும் ஓரங்களைக் கத்தியால் சீவித் தள்ளி, அடுப்பில் புரட்டிப் புரட்டிச் சுடுவான். அந்தத் தட்டுகளுக்குச் சந்துக்காரர்கள் கிடுக்கி என்று பெயர் வைத்திருந்தார்கள். ஊரிலிருந்து புதிதாக வருகிறவர்கள், பம்பாயில் விற்கிறதால் இதுதான் பாம்பே டோஸ்ட் என்று நினைத்து, முட்டையும் சர்க்கரையுமாக இனிக்கப்போகிறது என்ற ஆசையில் வாயகலக் கடித்து, பச்சைமிளகாயில் மாட்டிக்கொண்டு, பம்புத் தண்ணீருக்கு ஓடுவார்கள். ஓடினவர்கள் மறுநாள் வந்து இன்னொன்று கேட்பார்கள்.

முதல் மழை விழுந்த அந்த மாலையில் வண்டியைச் சுற்றிக் கூட்டம். பலவேசம் கரண்டி நுனியில் கிழங்கு மசாலாவை எடுத்து நாக்கில் வைத்தான். வைத்தவன் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

"ஏட்டி, இதுல உப்பே இல்ல" என்றான், எல்லோருக்கும் கேட்க.

கூட்டம் சிரித்தது. பேச்சியம்மாள் காலையிலிருந்து நின்றுகொண்டிருந்தாள், விரல் நுனியெல்லாம் கிழங்குச் சூட்டில் சிவந்திருந்தது.

"உப்புப் போட்டுத் திங்குத ஆம்பளைக்கு ரோசம் இருக்கும்பாங்க" என்றாள். "ஒங்களுக்கு எதுக்கு உப்பு?"

கூட்டம் முன்னைவிடப் பலமாகச் சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள்ளேயே சொல்லியிருக்க வேண்டாம் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. ஆனால் சொன்ன சொல்லை எடுத்து உள்ளே வைக்க இடமில்லை, அதனால் அவள் அவனுக்கென்று ஒரு டோஸ்ட் அடுக்கி, கிடுக்கியில் கவ்வி, இரண்டு பக்கமும் சிவக்கச் சுட்டு, கிடுக்கியோடு நீட்டினாள். "இந்தாங்க. தின்னு பாத்துட்டுச் சொல்லுங்க" என்றாள். குரல் இறங்கித்தான் இருந்தது, ஆனால் மழைச் சத்தத்தில் யாருக்கு அது கேட்டது.

பலவேசம் தோள் துண்டை எடுத்து வண்டியில் போட்டான்.

"ஆறட்டும், வாரேன்" என்றான். மழைக்குள் இறங்கி நடந்தான். அவனுடைய செல்போன் வண்டி இழுப்பறையிலேயே கிடந்து மறுநாள் சார்ஜ் தீர்ந்து ஓய்ந்தது.

அவன் வரவில்லை. அவள் அடுப்பை அணைத்து, கிடுக்கியை வண்டி ஓரத்தில் வைத்து, பிளாஸ்டிக் ஷீட்டால் மூடி, விடியும்வரை வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தாள். விடிந்து ஷீட்டை விலக்கியபோது கிடுக்கியின் இடுக்கிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. பிரித்துப் பார்த்தாள். பிரெட் அப்போதுதான் இறக்கினது போல மொறுமொறுப்பாக இருந்தது, வெண்ணெய் இன்னும் பொரிந்துகொண்டிருந்தது. அவள் ஆச்சரியப்படவில்லை. "இன்னும் ஆறல" என்று மட்டும் சொல்லிவிட்டு, மூடி வைத்துவிட்டு, கிழங்கு வேகவைக்கப் போனாள்.

முதலில் பக்கத்து வீட்டுத் தவமணிதான் அதைக் கண்டுபிடித்தாள். தவமணி அப்பளம் போடுகிறவள். சந்தில் பாதிப் பெண்கள் அவளிடம்தான் மாவு வாங்கி, அப்பளம் தேய்த்து, கூடைகளைக் கவிழ்த்து அதன்மேல் காயவைத்துக் கொடுப்பார்கள். மழைக்காலத்தில் அப்பளம் காயாது, காயாத அப்பளத்தில் பூஞ்சை பிடிக்கும், அதை நம்பியிருக்கிற வீடுகளில் அடுப்பெரியாது. வண்டியோரம் ஒரு கூடையை மறதியாக வைத்துவிட்டுப் போனவள் திரும்பி வந்தபோது அப்பளங்கள் சித்திரை வெயிலில் கிடந்தது போலச் சலசலத்தன. அவள் இன்னொரு கூடையைக் கொண்டுவந்து வைத்தாள். அதற்கப்புறம் சந்து மெல்ல மெல்ல, யாரும் யாரையும் கூப்பிடாமலே, அந்த வண்டியைச் சுற்றிக் கூடியது. ஈரப் பள்ளிச் சட்டைகள் வந்தன, நனைந்த பாடப்புத்தகங்கள் வந்தன, சளி பிடித்த பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தாய்மார்கள் வந்தார்கள், முழங்கால் பிடித்த கிழவர்கள் ஸ்டூலோடு வந்தார்கள். சந்து முனையில் இஸ்திரி வண்டி வைத்திருந்த கோயில்பிச்சை, மழைக்காலம் முழுக்கக் கரி பற்றாமல் கை கட்டி உட்கார்ந்திருக்கிறவன், பெட்டியைக் கிடுக்கியின்மேல் வைத்து எடுத்துப்போய்த் தேய்க்கத் தொடங்கினான், அவன் தேய்த்த சட்டைகளிலிருந்து கொத்தமல்லி வாசனை வந்தது, யாரும் குறை சொல்லவில்லை. யாரோ கிடுக்கியின் கைப்பிடியில் மஞ்சள் கயிறு கட்டினார்கள். யாரோ குங்குமம் வைத்தார்கள். மேலே தகரக் கூரை போட்டார்கள். யாருக்கு எப்போது முறை என்று சண்டை போட்டு, சண்டை தீர்ந்து, மறுபடி சண்டை போட்டார்கள். மற்றச் சந்துகளெல்லாம் ஊறிக் கிடந்த அந்த வருஷத்தில் பம்புச் சந்து மட்டும் காய்ந்து கிடந்தது, காய்ந்து கிடப்பதன் சுகம் இருக்கிறதே, அது ஒருதரம் பழகிவிட்டால் மனுஷனை எதையும் செய்யவைக்கும்.

பேச்சியம்மாள் மட்டும் காயவில்லை. அவள் உட்காரவே இல்லை. பம்புக்குப் போவாள், குடம் நிறைவதற்குள் வண்டிக்கு வருவாள், வண்டியிலிருந்து சந்து முனைக்குப் போவாள், ரயில் சத்தம் கேட்டால் நின்று, இறங்கி வருகிற கூட்டத்தின் ஒவ்வொரு முகத்தையும் பார்த்துவிட்டு, விறுவிறுவென்று திரும்பி வந்து கிடுக்கியைத் தொட்டுப் பார்ப்பாள். காலில் சக்கரம் கட்டிவிட்டது போல ஆகிவிட்டது அவளுக்கு. வியாபாரத்தை விடவில்லை. பலவேசத்தின் வேலையையும் சேர்த்து அவளே செய்தாள். கிழங்கு மசாலாவை இறக்குவதற்குள் திரும்பத் திரும்ப உப்புப் பார்த்தாள், பார்த்துப் பார்த்து நாக்கு மரத்துப்போனது. ஆறாமலிருந்த அந்த டோஸ்ட்டை மட்டும் அவள் ருசி பார்க்கவில்லை. ஓரத்தில் ஒரு துணுக்குக் கிள்ளி வாயில் போட்டால் போதும், அன்றைக்கு உப்பு இருந்ததா இல்லையா என்று தெரிந்துவிடும். அது தெரிந்துவிடும் என்பதால்தான் அவள் தொடவில்லை.

ஆரம்பத்தில் பெண்கள் அவளுக்கு ஆறுதல் சொன்னார்கள். "ஆம்பளக் கோவம் நாலு எட்டு நடந்தா போயிரும்ட்டி, வந்துருவாரு" என்றார்கள், அவள் தலையில் எண்ணெய் வைத்துவிட்டார்கள். ஒருநாள் தவமணி தன் மாமியாரைப் போல நடித்துக் காட்டியதில் பேச்சியம்மாள் தன்னை மறந்து வயிறு குலுங்கச் சிரித்தாள். அவள் சிரித்த நேரம் கிடுக்கியின் ஆவி இளைத்து நூலாயிற்று, கூடைகளிலிருந்த அப்பளங்கள் ஓரம் சுருங்கித் தளர்ந்தன. தவமணி நடிப்பைப் பாதியில் நிறுத்தினாள். எல்லாரும் கூடைகளைப் பார்த்தார்கள், பிறகு ஒருவரையொருவர் பார்த்தார்கள், பிறகு எங்கேயும் பார்க்கவில்லை.

அன்றோடு அந்தச் சந்து ஆறுதல் சொல்வதை நிறுத்திக்கொண்டது. யாரும் கூடிப் பேசி முடிவெடுக்கவில்லை. ஆனால் காலையில் பம்புக்கு வருகிற பெண் ஒவ்வொருத்தியும் "இன்னும் வரலயா பேச்சி?" என்று கேட்டுவிட்டுப் போனாள், மாலையில் ஒவ்வொருத்தியும் "ஒரு வார்த்தை கூடவா சொல்லி அனுப்பல?" என்று கேட்டுவிட்டுப் போனாள். கேட்டதும் ஆவி குபுகுபுவென்று எழும்பும். அக்கறையாகத்தான் கேட்டார்கள், அந்த அக்கறையில் பொய் இருந்தது என்று யாரும் சொல்ல முடியாது, ஆனால் அவள் கண் கலங்கியதும் அவர்கள் பார்வை அவளைவிட்டுக் கூடைக்குப் போனது.

பலவேசம் வராமல் இல்லை. கல்யாணில் ஒரு வெங்காய மண்டியில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவன், ரோஷம் வடிந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை சந்து முனை வரைக்கும் வந்தான். இஸ்திரி வண்டிக்குப் பின்னால் ஒதுங்கி நின்றுகொண்டு கேட்டான்.

"வே கோயில்பிச்ச, ஆறிட்டுதா?"

"எங்கவே ஆறுது? கிட்டப் போயி கை வைக்க முடியல. அந்தக் கொதி கொதிக்குது."

பலவேசம் தலையைக் குனிந்துகொண்டான். "அப்பம் இன்னொரு நாள் வாரேன். நான் வந்தேன்னு சொல்லிராத, இன்னும் கொதிப்பா" என்று சொல்லிவிட்டு ஸ்டேஷன் பக்கம் திரும்பினான்.

இன்னும் கொதிப்பா என்ற சொல்லில்தான் கோயில்பிச்சைக்கு விளங்கியது, இவன் டோஸ்ட்டைக் கேட்கவில்லை, பெண்டாட்டியின் கோபத்தைக் கேட்கிறான் என்று. கூப்பிட வாயைத் திறந்தான். எதிரே மேஜையில், வெளியே அவ்வளவு மழையிலும், மொடமொடப்பாகத் தேய்த்து மடித்த சட்டைகள் இருந்தன. அவற்றைப் பார்த்தான். வாயை மூடிக்கொண்டான். முதலில் சொன்னது தெரியாமல் சொன்னது, அதன் பிறகு தெரிந்தேதான் சொன்னான்.

அவன் விஷயத்தைத் தவமணியிடம் சொன்னான், தவமணி மற்றவர்களிடம் சொன்னாள். பம்படியில், பேச்சியம்மாள் முனைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, பேசிக்கொண்டார்கள்.

"பாவம்லா" என்றாள் ஒருத்தி.

"பாவந்தான். ஆடி போகட்டும், ஆவணி போகட்டும், மழை விட்டதும் நாமளே கூட்டிக்கிட்டு வந்து சேத்து வச்சிரலாம்" என்றாள் தவமணி. "இப்பம் அவரு வந்தா நம்ம அடுப்பு என்னாகும்? அவரு ஆறிட்டுதான்னு கேக்காரு. ஆறலன்னு சொல்லுதோம். இதுல என்ன பொய்யி?"

பொய் இல்லை என்பதால் எல்லோருக்கும் நிம்மதியாக இருந்தது. பலவேசம் மறுபடியும் வந்தான், மறுபடியும் கேட்டான், ஆறவில்லை என்ற உண்மையைக் கேட்டுக்கொண்டு திரும்பினான். கடைசியாக வந்தபோது கிழிந்த வேட்டித் துணியில் கல்லுப்பு முடிந்து கொண்டுவந்திருந்தான்.

"ஆறினப்பொறவு இத அவகிட்ட குடு. ஒண்ணும் சொல்லாண்டாம். அவளுக்கு வெளங்கும்" என்றான். அது மன்னிப்பா கிண்டலா என்று அவனுக்கே தெரியாது.

கோயில்பிச்சையிடம் ஒரு வினோதமான நேர்மை இருந்தது. சொல்லை ஒளித்துவைக்கத் துணிந்தவனுக்கு, நம்பிக் கொடுத்த பொருளைக் கெடவிட மனம் வரவில்லை. மழையில் உப்புக் கசிந்தது, துணி நனைந்தது, முடிச்சு சிறுத்துக்கொண்டே போனது. அடுத்தவன் பொருள் என் கையில் கரைகிறதே என்று அவனுக்குத் தூக்கம் போயிற்று. எங்கே வைத்தால் கரையாது என்று யோசித்தால் அந்தச் சந்தில் பதில் ஒன்றுதான். முடிச்சைக் கொண்டுபோய்க் கிடுக்கியின் அடியில், அப்பளக் கூடைகளுக்குப் பின்னால், செருகி வைத்தான்.

பேச்சியம்மாள் முனையிலிருந்து திரும்பி வந்து கிடுக்கியைத் தொட்டுப் பார்த்தபோது வெங்காய வாசனை வந்தது. அவள் வண்டியில் நறுக்கிய வெங்காயம் இல்லை, மண்டி வெங்காயம், சாக்கும் சருகும் மண்ணுமாக வருகிற வாசனை. கையை விட்டுத் துழாவினாள். முடிச்சு கையில் வந்தது. மூன்று தரம் முறுக்கி, நுனியை உள்ளே செருகி, பல்லால் கடித்து இழுத்த முடிச்சு. அப்படி முடி போடுகிறவன் அவளுக்குத் தெரிந்து ஒருவன்தான், முடிச்சின் ஓரத்தில் பல் தடம் கூட இருந்தது.

"இது யாரு வச்சது?"

கூடைகளைத் திருப்பிக்கொண்டிருந்த பெண்களின் கைகள் நின்றன. இஸ்திரிப் பெட்டியை எடுக்க வந்த கோயில்பிச்சை அப்படியே நின்றான். அவள் அவனைத்தான் பார்த்தாள், அவன் முகம்தான் அங்கே மூடத் தெரியாத முகம்.

"அண்ணாச்சி, அவிய வந்தாவளா?"

"வந்தாரு தாயி."

"என்ன கேட்டாவ?"

"ஆறிட்டுதான்னு."

"நீங்க என்ன சொன்னிய?"

கோயில்பிச்சை தரையைப் பார்த்தான். "ஆறலன்னேன். கல்யாண் மண்டியில இருக்காரு" என்றான்.

அவளுக்கு எல்லாம் விளங்க அதிக நேரம் ஆகவில்லை. தன் கோபம் ஆறவில்லை என்று அவன் அங்கே மூட்டை தூக்கிக்கொண்டிருக்கிறான், அவன் கோபம் ஆறவில்லை என்று தான் இங்கே நடந்துகொண்டிருக்கிறோம், நடுவே இந்தச் சந்து அப்பளம் காயவைத்துக்கொண்டிருக்கிறது. நெஞ்சு எரிந்தது. கிடுக்கியின் ஆவி தகரக் கூரையில் முட்டிச் சிதறியது. அவள் மஞ்சள் கயிற்றை அறுத்தாள், கிடுக்கியைத் தூக்கினாள்.

தவமணி ஓடிவந்து கையைப் பிடித்தாள். "பேச்சி, கொஞ்சம் பொறுட்டி. கூடை பூரா ஈரமா கெடக்கு. மழை விடட்டும், நாங்களே கூட்டிட்டு வாரோம். இதுக்குப் பொறத்தால எத்தன வீட்டுச் சோறு இருக்குன்னு நெனச்சுப் பாரு."

"நெனச்சுப் பாத்தேன் மைனி" என்றாள் பேச்சியம்மாள். "நான் ஆறாம கெடந்ததுலதான் ஒங்க அப்பளம் பூரா காஞ்சிருக்கு."

தவமணி கையை விட்டுவிட்டாள். பேச்சியம்மாள் யாரையும் சபிக்கவில்லை. கிடுக்கியைச் செய்தித்தாளில் சுற்றி, சுற்றிய தாள் கருக, அதன்மேல் அவன் போட்டுவிட்டுப் போன தோள் துண்டைச் சுற்றி, உப்பு முடிச்சை இடுப்பில் செருகிக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தாள். அவள் போகப் போக அவளுக்குப் பின்னால் சந்து நனைந்துகொண்டே வந்தது.

கல்யாண் ரயிலில் பெண்கள் பெட்டி முழுக்க ஈரக் குடைகளும் ஈரப் புடவைகளும். அவள் உள்ளே நுழைந்ததும் ஜன்னல் கண்ணாடிகளில் ஆவி படிந்தது. குளிரில் ஒடுங்கியிருந்தவர்கள் ஒன்றும் கேட்காமல் அவள் பக்கம் நகர்ந்து, அவள் முழங்காலருகே கைகளை நீட்டிக் குளிர் காய்ந்தார்கள். யாரோ ஒரு மராத்திக்கார அம்மாள் உட்கார இடம் காட்டினாள். பேச்சியம்மாள் உட்காரவில்லை. ரயில் ஓடுகிறபோதும் அவள் கால்கள் நின்ற இடத்திலேயே நடந்துகொண்டிருந்தன.

மண்டியில் பலவேசம் மூட்டையை இறக்கிவிட்டு நிமிர்ந்தான். எதிரே அவள் நின்றாள், கையில் புகைகிற துண்டு. அவன் முகத்தில் முதலில் சந்தோஷம் வந்தது, பின்னாலேயே பயம் வந்து அதைத் தள்ளிவிட்டது.

"ஆறிட்டுதா?" என்றான்.

"இல்ல."

"பொறவு எதுக்கு வந்த?"

"ஆறட்டும் ஆறட்டும்னு நீங்க இங்க இருங்க, நான் அங்க இருக்கேன், ஊரு நடுவுல குளிர் காயட்டும்!" என்று அவள் கத்தினாள், மண்டியே திரும்பிப் பார்த்தது. பிறகு குரல் உடைந்தது. "இத ஆற வைக்கவா போட்டேன்? திங்கத்தானய்யா போட்டேன். சூட்டோட தின்னுங்க."

துண்டைப் பிரித்தாள், கிடுக்கியைத் திறந்தாள். அந்த வெங்காய நாற்றத்துக்கு நடுவே வெண்ணெயும் கொத்தமல்லியும் கடுகும் மணந்தன. பலவேசம் உள்ளங்கை மாற்றி உள்ளங்கை மாற்றி டோஸ்ட்டைப் பிடித்து, ஊதக்கூட இல்லாமல், ஒரு கடி கடித்தான். கண்ணில் தண்ணீர் வந்தது. துப்பவில்லை. மென்றான், விழுங்கினான், நெஞ்சைப் பிடித்துக்கொண்டான்.

"உப்பு?" என்றாள் அவள். மழைக்காலம் முழுக்க அவளை நடக்கவைத்த கேள்வி அது.

அவன் வாயைத் திறந்து காற்றை உள்ளே இழுத்தான். "நாக்கு வெந்துபோச்சு பேச்சி. ஒண்ணும் தெரியல" என்றான். "தெரிஞ்சாலும் அன்னைக்கு எல்லாரு முன்னாலயும் நான் சொல்லியிருக்கப்படாது."

பேச்சியம்மாள் பக்கத்திலிருந்த வெங்காய மூட்டைமேல் உட்கார்ந்தாள். ஆற அமர உட்கார்ந்தாள், கால் இரண்டையும் நீட்டினாள். அவன் கையிலிருந்த டோஸ்ட்டை வாங்கி, அவன் கடித்த இடத்திலேயே கடித்தாள். அது அதற்குள் வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. நிதானமாக, இரண்டு பக்கக் கடைவாயிலும் மாற்றி மாற்றி மென்றாள். பிறகு இடுப்பிலிருந்த முடிச்சை எடுத்து, பல்லால் கடித்து அவிழ்த்து, ஒரு கல்லை உள்ளங்கையில் நசுக்கி, கிழங்கின்மேல் தூவினாள்.

"கம்மிதான்" என்றாள், மீதியை அவனிடம் நீட்டினாள்.

அவன் வாங்கிக் கடித்தான். டோஸ்ட் ஆறிப்போய், ஜவ்வு மாதிரி இழுத்தது.